கை கழுவியவர்கள் பேசமாட்டார்கள்

1. குளிருது

துபாயில் டவர், மால், ஹோட்டல் என்று எல்லா இடத்திலும் மெயின்டெனன்ஸ் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு யூதப் பள்ளிக்கூடத்துக்கு பில்டிங் சூப்பர்வைசராகப் போனேன். மேலப்பாளையத்துக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று ரூமில் கிண்டல் செய்தார்கள். ஏசி ரிப்பேர் என்றேன். வேறென்ன சொல்ல?

பாதி வேலையைப் பெற்றோர்களே சம்பளமில்லாமல் செய்யும் பள்ளி அது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஹாலில் எல்லோருக்கும் சப்பாத் என்ற ஓய்வுநாள் விருந்து. சமைப்பது, பரிமாறுவது எல்லாம் அவர்கள்தான். அந்த நேரத்திலிருந்து மறுநாள் இருட்டும்வரை அவர்கள் ஒரு ஸ்விட்சைத் தொடமாட்டார்கள், போனை எடுக்கமாட்டார்கள். நம்மைக் கூப்பிட்டு விளக்கைப் போடச் சொல்வதும் கூடாது. அதனால் முன்கூட்டியே டைமர் வைக்க வேண்டும், பிரிட்ஜ் பல்பைக் கழற்ற வேண்டும், ஆள் நடந்தால் எரியும் மோஷன் சென்சார்களை பைபாஸில் போட்டு விளக்குகளை நிரந்தரமாக எரியவிட வேண்டும். விருந்துப் பொறுப்பைப் பார்த்த தாலியா என்ற அம்மா என்னோடு நடந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்.

என் முதல் வெள்ளியன்று அந்தத் தாலியா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, இன்றைக்கு ரொம்பக் குளிருகிறது என்றார். ஆமாம் மேடம் என்று நானும் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். ஏசியைக் குறைக்கச் சொல்ல முடியாமல் சொன்னது அது என்று எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது. நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

2. தானாக எரிந்த விளக்கு

பிறகு ஒரு குளிர்காலம். விருந்து தொடங்கிய நேரத்தில் கரண்ட் ஒரு கணம் டிப் ஆகி வந்தது. உடனே ஒரு ரவுண்டு பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தவரை ஹாலில் விளக்கெல்லாம் சரி. நான் பேனல் ரூமில் டைமர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி முருகேசன் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். தூத்துக்குடிப் பையன், பயந்த சுபாவம் கிடையாது. அன்று குரல் ஒரு மாதிரி இருந்தது.

சின்னப் பிள்ளைகளின் வகுப்புக் காரிடாரில் விளக்கு தானாக எரிகிறதாம், அணைகிறதாம். கேமராவில் ஆளே இல்லையாம். போய்ப் பார்த்திருக்கிறான். தூணை ஒட்டி, கேமராவுக்குத் தெரியாத மூலையில், ஷிமோன் நின்றிருக்கிறார்.

"கூப்டேன் பாய். திரும்பக்கூட மாட்டேங்காரு. கைய முன்னால தூக்கிட்டு அப்படியே நிக்காரு. அவங்க சாமி விஷயம் போலிருக்குன்னு வந்துட்டேன்."

ஷிமோன் மொராக்கோவிலிருந்து வந்த வயசாளி. வாரநாட்களில் லைப்ரரிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பார். என்னிடம் அரபியில் பேசுவார். அவருடைய அரபியும் என் வளைகுடா அரபியும் பாதி வழியில்தான் சந்திக்கும்.

கரண்ட் டிப் ஆனதில் அந்தக் காரிடாரின் பைபாஸைப் பிடித்திருந்த கான்டாக்டர் ஸ்விட்ச் விழுந்து, சென்சார் திரும்ப ஆட்டோவுக்குப் போயிருக்கிறது. அதாவது அவர் ஒரு அடி வைத்தால் விளக்கு எரியும். அவர் அசையாமல் நின்றால் அணையும். தன் உடம்பால் விளக்கு எரியக் கூடாதென்று மனிதர் இருட்டில் நிற்கிறார். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

காரிடாரில் கால் வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த முகங்கள். அந்த முகங்களுக்கு நடுவே இவர் முகம். விரல் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் என்னைத் தாண்டி எங்கோ நிற்கிறது. ஷிமோன் பாய் என்றேன். "ம்ம்" என்று ஒரு சத்தம், தொண்டைக்குள்ளிருந்து. பயந்தேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்?

திரும்பிவிடத்தான் கால் சொன்னது. கிட்டே போனேன். ஏசிக் குளிரில் அவர் நெற்றி முழுக்க வேர்வை. உதடு நடுங்குகிறது. என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கும்போது இதே வேர்வையைப் பார்த்திருக்கிறேன். அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன்.

3. ஹால்

அந்த நேரத்தில் ஹாலுக்குள் நான் அதுவரை போனதில்லை. கதவைத் தள்ளினால் மேஜை மேஜையாக ஆட்கள், பெண்கள், பிள்ளைகள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. மெழுகுவத்தி எரிகிறது. அங்கங்கே ஒரு மெல்லிய முனகல். எல்லாத் தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பியது.

ரொட்டிக்கு முன்னால் கை கழுவினால், அதைப் பிட்டு வாயில் வைக்கும்வரை பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஷிமோன் கூட்டத்தைத் தவிர்க்கக் காரிடார்க் குழாயில் கழுவப் போயிருக்கிறார். அவர் வந்து உட்காரட்டும் என்று ஹால் முழுக்கக் காத்திருந்திருக்கிறது.

ஷிமோன் சார் நாட் ஓகே என்றேன். சிலர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். ஒருவர் கொஞ்சம் பொறு என்று கையமர்த்தினார். ஏதோ விளக்கு விஷயம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அங்க ஒரு மனுசன் சாவப்போறான்" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு "சுகர், சுகர்" என்றேன்.

சுகர் என்றதும் தாலியாவின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்த ஹாலில் முதலில் பேசியவர் அவர்தான். எங்கே என்று மட்டும் கேட்டார். திராட்சைச் சாறு ஜாடியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். பின்னால் பாதி ஹால் எழுந்து வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் சப்பாத் கட்டுப்பாடுகள் நிற்காது, மீறியே ஆக வேண்டும் என்பதும் அவர்கள் சட்டம்தானாம். ஒருவர் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

காரிடார் இருட்டாக இருந்தது. நாங்கள் நுழைந்ததும் விளக்கு எரிந்தது. சரிந்து கிடந்தவர் தலையைத் தாலியா மடியில் வைத்துச் சாற்றை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டிருந்தாராம்.

கண் தெளிந்ததும் அவர் என்னைத் தேடினார். வழக்கத்தை விடாமல் நின்ற பெரிய மனுஷன் என்று சுற்றி நின்றவர்கள் நெகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்து மெதுவாக அரபியில் சொன்னார்.

"முதல்ல நானாத்தான் நின்னேன். அப்புறம் கூப்பிடத்தான் பார்த்தேன். வாய் வரல. ஒருத்தர் வந்தார், என்னைப் பார்த்தார். போயிட்டார்."

முருகேசன் என் பின்னால்தான் நின்றான். அரபி அவனுக்கும் அந்த அளவுக்குத் தெரியும்.

பில்டிங் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். வேற்று மதத்தார், வேற்று நாட்டார் கட்டடங்களில் காலம் தள்ளும் தொழில் நம்முடையது. புரியாத எதைப் பார்த்தாலும் அது அவர்கள் வழக்கம் என்று மரியாதையாக ஒதுங்கிப் பழகியிருப்போம். ஒதுங்குங்கள், தப்பில்லை. ஆனால் கிட்டே போய் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்குங்கள்.