கை கழுவிட்டுப் பாருங்க

இன்று காலை தேனி பஸ்ஸில் முருகண்ணன் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் மனைவி செல்வி அக்கா கம்பத்தில் திராட்சை பறிக்கப் போகிறவர். சுகர் உண்டு. சுகர் பார்க்கிற மெஷினை என் மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்கினார்.

இரண்டு மாதம் முன்பு அது நானூறு காட்டியதாகப் பதறிப்போய் போன் செய்தார். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அப்படித்தான் காட்டும். "கை கழுவிட்டுப் பாருங்க அக்கா" என்றேன். நூற்று முப்பதுதான். இருவரும் சிரித்தோம்.

போன வாரம் மறுபடி போன். "நம்பரே வரல தம்பி, ஹைன்னு காட்டுது. தண்ணியாத் தவிக்குது."

அளக்க முடியாத அளவுக்கு ஏறினால்தான் மெஷின் நம்பருக்குப் பதில் ஹை என்று காட்டும். ஆனால் கடையில் கூட்டம். அதே பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன்.

"சோப்புப் போட்டு நாலு தடவ கழுவுனா தம்பி. அப்புறம் மயங்கிட்டா" என்றார் அண்ணன். இப்போது தேனியில், ஐசியூவில்.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிட்டாளான்னு டாக்டரு கேட்டாக. இல்லன்னுட்டேன். நீங்க குடுத்தது அரிப்புக்குத்தான? அரிப்பு சுத்தமா நின்னுருச்சு தம்பி."

தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து பட்டு வந்த அரிப்பு. அதற்குப் போன மாதம் நான் கொடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. அது சுகரை ஏற்றும் என்று எனக்குத் தெரியும்.

"அதையும் சொல்லணும்ணே. நானும் வாரேன்" என்றேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஐசியூ வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாத்திரை வாங்கும்போது "சுகர் இருக்கா" என்று உங்களிடம் யாராவது கேட்டதுண்டா? செல்வி அக்காவிடம் நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மெஷினை விற்றவனே நான்தான்.