சுண்ணாம்புப் பொட்டு வைத்த தோட்டாக்கள்

பித்தளையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. குத்துவிளக்கு, செம்பு, கதவுக் கொண்டி என்று எது கறுத்துக் கிடந்தாலும் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுவேன். "உன்ர கையில அம்பிட்டா நானும் மினுங்குவன்" என்று என் புருஷன் கேலி செய்வார். இந்தக் கைதான் போன மாரியில் அவரைக் கொல்லப் பார்த்தது.

நாங்கள் இருப்பது செட்டிபாளையத்தில். வயல் வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தையும் தாண்டி, காட்டோரமாகக் கிடக்கும் வட்டை வயல்வெளியில் மூன்று ஏக்கர். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் யானை வந்துவிடும். அதற்காக அவரிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. யானையைச் சுடுவதற்கு அல்ல. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் அது திரும்பிப் போகும். பெரும்பாலும் போகும்.

தோட்டா இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. யானைக்கு அது தெரியாது. ஆகவே அவர் கடையில் தோட்டா வாங்குவதே ஒரு தனிக் கூத்து. மற்றவர்கள் சன்னத்தைப் பார்ப்பார்கள், புதுசா பழசா என்று பார்ப்பார்கள். இவர் அடியிலுள்ள பித்தளையைப் பார்ப்பார். உயரமாக, தடிப்பாக இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார். "வெடிக்க வாங்குறீங்களா, வெடிச்ச கோத வச்சிரிக்க வாங்குறீங்களா?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டாராம். உண்மை அதுதான். நல்ல பித்தளை உள்ள தோட்டாவாக வாங்கி, வெடி வைத்த பிறகு வெற்றுக் கோதைப் பத்திரமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, மருந்தும் சன்னமும் திரும்ப நிரப்புவிக்க வேண்டும். தடித்த பித்தளை என்றால் மூன்று நான்கு தரம் தாங்குமாம். சட்டப்படி அப்படி நிரப்பக் கூடாது. அதனால் வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் நான் யன்னலைச் சாத்திவிடுவேன்.

நிரப்பிக் கொடுப்பவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு அண்ணன் முறை. சைக்கிள் திருத்துகிற கை. அவர் நிரப்பி வாயை மூடிக் கொடுத்தால் புதுத் தோட்டாவும் நிரப்பிய தோட்டாவும் ஒன்றுபோலவே இருக்கும். என் புருஷன் எவ்வளவு சிக்கனக்காரராக இருந்தாலும் உயிர்மேல் ஆசை உள்ளவர். நிரப்பியதை ஒருபோதும் முழுதாக நம்பமாட்டார். யானை தூரத்தில் நின்றால் நிரப்பியது. கிட்ட வந்துவிட்டால் புதியது. பிரித்தறிய, நிரப்பிய தோட்டாக்களின் பித்தளை அடியில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருப்பார். இந்தப் பொட்டு விஷயத்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. துவக்குச் சங்கதி எதையும் எனக்கு விவரமாகச் சொல்வதில்லை, சொன்னால் நான் சண்டை பிடிப்பேன் என்று. பிடித்திருப்பேன்தான்.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருந்தது. ஒரு கிழமையாகப் பெய்த மழை விட்டு வெயில் எறித்தது. வயலில் இருந்தால் ஈரம் பிடிக்கும் என்று அவர் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். நான் விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். தகரத்தைத் திறந்து பார்த்தால், சில தோட்டாக்களின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்தேன். தண்ணீர் படக் கூடாது என்ற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. காய்ந்த துணியில் திருநீற்றைத் தொட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து, முகம் தெரியும் வரைக்கும் மினுக்கி, சுளகில் கொஞ்ச நேரம் வெயில் காட்டி, திரும்பத் தகரத்தில் அடுக்கி வைத்தேன். மனதுக்குள் பெருமை வேறு.

மத்தியானம் பக்கத்து வயல்காரர் என் போனுக்கு எடுத்தார், தனியன் யானை ஒன்று காட்டோரம் வந்து நிற்கிறது என்று. என் புருஷனுடைய போன் வாய்க்காலில் விழுந்து, மூன்று நாளாக அரிசி வாளிக்குள் கிடந்தது. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, துவக்கையும் தகரத்தையும் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். தோட்டாவை மினுக்கி வைத்ததைச் சொல்லவில்லை. திறந்து பார்த்து அவராகவே மெச்சட்டும் என்று இருந்தேன்.

நாலு மணியிருக்கும். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நிரப்பிக் கொடுக்கும் அண்ணன் இறங்கினார். இடது கையில் கட்டுகிற சாரம் ஒன்றைச் சுற்றியிருந்தார். சாரம் முழுக்க இரத்தம்.

"தங்கச்சி, மச்சான் எங்க?"

"வயலுக்குப் போயிட்டார். என்னண்ணன் இது, கையில என்ன?"

"காலைல நிரப்பினதுல ஒண்ட வச்சிப் பாத்தன். துவக்கு வாய் வெடிச்சிப் பொயித்து. இந்தமுற மருந்து சரியில்ல தங்கச்சி. சுண்ணாம்பு வச்சது ஒண்டையும் போட வேணாமெண்டு சொல்லுங்க. அவர்ர போன் வேல செய்யுதில்ல."

"சுண்ணாம்பா?"

"அடியில பொட்டு வச்சிரிப்பாரே, வெள்ளையா. நிரப்பினதுக்கு."

 கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நான் துடைத்துவிட்டேன் அண்ணன், எல்லாத்தையும் துடைத்துவிட்டேன் என்று சொன்னதாக நினைக்கிறேன். 

"அப்ப ஒண்டையும் போட வேணாமெண்டு சொல்லுங்க. ஓடுங்க. எனக்கு இந்தக் கையோட ஏலா."

அவர் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவில்லை. போனால் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் காலையிலிருந்து கையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர், என் நம்பர் தன்னிடம் இல்லாததால் எங்களுக்கு நேரில் சொல்லத்தான் வெளிக்கிட்டு வந்தார். அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஓட்டோக்காரரிடம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பக்கத்து வயல்காரருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் எடுத்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள், நான் நிற்கவில்லை. இந்த நேரம் துவக்கைத் தோளில் வைத்திருப்பாரா, கன்னத்தை அதில் சாய்த்திருப்பாரா என்று மனம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சாரத்துக்குள் இருந்த கை அவருடைய முகமாகத் தெரிந்தது. பிள்ளையாரே, புதுத் தோட்டாவை எடுக்கவை என்று வாய்விட்டே சொன்னேன். பட்டிருப்புப் பாலத்தில் பொலிஸ் நின்றது. நான் ஹெல்மெட் போடவில்லை. மறித்தார்கள்.

"எங்க அம்மா இவ்வளவு வேகம்?"

உண்மையைச் சொன்னால் நிரப்பியவருக்கும் நிரப்புவித்தவருக்கும் விலங்கு. சொல்லாவிட்டால் இங்கேயே நேரம் போய்விடும். "அவருக்கு வயல்ல சுகமில்ல, ஏலாமப் பொயித்து சேர்" என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. நடிக்கவில்லை. பொலிஸ்காரர் வழிவிட்டு, ஹெல்மெட் போட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

பழுகாமம் தாண்டி வாய்க்கால் கட்டில் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் ஓடினேன். மழை பெய்த வரம்பு, வழுக்கியது. இரண்டு தரம் விழுந்தேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வெடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை என்பதே ஒரே ஆறுதல். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் இதோ கேட்கப்போகிறது, இதோ கேட்கப்போகிறது என்று உடம்பு விறைத்தது.

எங்கள் வயலின் நடுவில் யானை நின்றது. சாவகாசமாகக் கதிரைச் சுருட்டிச் சுருட்டிப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மருதமரத்துப் பரணில் என் புருஷன். கையில் துவக்கு.

நான் நின்றேன். கத்தினால் யானை என் பக்கம் திரும்பும். கத்தாவிட்டால் அவர் வெடி வைப்பார். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் கிடந்தபோதுகூட இல்லை. அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இங்கே எல்லாம் என் வாயில் இருந்தது.

கத்தினேன். "வெடி வைக்காதீங்க! வைக்காதீங்க! எல்லாம் கலந்துபோச்சு!"

யானை தின்பதை நிறுத்தியது. காதுகளை விரித்தது. மெதுவாக என் பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக இல்லை. நான் திரும்பி ஓடப் பார்த்தேன், கால் சேற்றில் முழங்கால்வரை புதைந்துவிட்டது. இழுத்தேன், வரவில்லை. தலையைத் திருப்பியபோது அவர் பரணிலிருந்து குதிப்பதைக் கண்டேன். ஓடி வந்துகொண்டே துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளே போட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.  அவர் குழலை மேலே தூக்கினார்.

அந்தச் சத்தம் வழக்கமான வெடிச் சத்தம் அல்ல. காது இரண்டும் அடைத்துப்போனது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறக்கப் பயம். யானை போனதா வந்ததா என்று பார்க்கும் எண்ணம்கூட இல்லை. திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவருமே என்ற பயம்தான்.

தோளில் ஒரு கை விழுந்தது. ஐந்து விரலும் இருந்தன. மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தேன். முகத்தைத் தடவிப் பார்த்தேன். யானை காட்டுக்குள் போய்விட்டது என்று அவர் சொன்னது தூரத்தில் யாரோ சொல்வதுபோலக் கேட்டது. என்னைச் சேற்றிலிருந்து இழுத்து வரம்பில் இருத்தினார். அண்ணன் வந்தது, கை, மருந்து, திருநீறு எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொல்லி முடித்தேன். அவர் துவக்கை மடித்தார். வெற்றுக் கோது வெளியே வரவில்லை. பித்தளை வீங்கி, குழலோடு இறுகிப்போயிருந்தது. கத்தி நுனியால் நெம்பினார். 

"நிரப்பினது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் முடிந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "நான் தொண்ட கிழியக் கத்துறன், வைக்காதீங்க வைக்காதீங்க எண்டு! உங்களுக்கு விளங்கல்லையா? எது எதெண்டு தெரியாமத் தூக்கி வச்சிட்டீங்களே!"

"விளங்கின. நீ சொல்ல முன்னமே தெரியும். தகரத்தத் திறந்தவுடன கண்டன், ஒண்டுலயும் பொட்டில்ல."

"மறுகா ஏன் வச்சீங்க?"

அவர் வயலைப் பார்த்தார். நடு வயல் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. அவ்வளவையும் யானை ஒரு நிமிஷத்தில் தின்றிருக்க முடியாது என்பதை அப்போதுதான் கண்டேன்.

"ரெண்டு மணியில இரிந்து வெறுந் துவக்கோட பரணில நிக்கன் புள்ள. கிட்ட நிக்கிற ஆனைக்கு எது எதெண்டு தெரியாம வைக்கேலா, திண்டுட்டுப் போகட்டும் எண்டு விட்டுட்டன். நீ வராட்டி நான் வெடி வச்சிரிக்க மாட்டன்."