ஜும்ஆ நேரத்தில் கழன்ற பில்டர்

இது நடந்தது. நான் கதைக்குக் கையும் காலும் வைத்துச் சொல்கிறவள் என்று மருதமுனையில் ஒரு பேச்சிருக்கிறது. மறுக்கவில்லை. றாபியாவின் மகளுடைய கல்யாணம் குழம்பியதைப் பற்றி நான் சொன்னதில் பாதி என் கைச்சரக்குத்தான். ஆனால் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டிச் சொன்னதாக இருந்தால் நல்லது. நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவல்ல, பட்டப்பகல்.

எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பன்னிரண்டு மணியானால் ஆம்பிளைகள் எல்லாரும் குளித்து வெளிக்கிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஒன்றேகால் வரை கடற்கரையில் காகமும் இருக்காது. அன்றைக்குப் போகாமல் நின்றவன் ஒருவன்தான். என் பக்கத்து வீட்டு நளீர்.

அவனுடைய தம்பி றஸ்மியும் மிசின் பார்க்கிற முனாபும் இன்னும் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை ஆழ்கடலுக்குப் போனவர்கள். மிசின் நின்று நாற்பது மைல் வெளியே மிதக்கிறார்கள், குடிதண்ணீர் முடிந்துவிட்டது என்று வியாழன் இரவு அவர்கள் வயர்லெஸ்ஸில் சொன்னதைத் தூரத்துப் படகொன்று கேட்டுச் செய்தி அனுப்பியது. கடற்படைக்கும் அறிவித்தாயிற்று. ஆனாலும் தம்பியைத் தானே தேடிப் போவதென்று நளீர் நின்றான். அவ்வளவு தூரம் ஓடக்கூடிய டீசல் படகு கரையில் ஒன்றுதான், அவனுடையது. அதுவும் டீசல் வடிகட்டுகிற பில்டர் அடைத்து மணலில் கிடந்தது. புது பில்டர் கையில் இருக்கிறது, பழையது கழர மாட்டேன் என்கிறது.

எப்படிக் கழரும்? கையால் இறுக்கினால் போதும் அந்தச் சாமானுக்கு. நடுக்கடலில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் எங்கள் ஆட்கள் ஸ்பேனர் சாவி போட்டு, காலையும் உதைத்துக்கொண்டு இறுக்குவார்கள். நளீரும் அப்படித்தான் இறுக்கி வைத்திருந்தான்.

12.22க்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு போனேன். உதவிக்கு என்றால் பொய். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். ஐம்பத்தாறு வயதுப் பொம்பிளை ஆளில்லாக் கரையில் அடுத்த வீட்டான் படகில் ஏறினால் ஊர் என்ன கதைக்கும் என்று தெரியும். கதைக்கிற ஊரே நான்தானே. ஏறிவிட்டேன்.

"என்ன நளீர், களண்டிச்சா?"

"எங்க ராத்தா! என்ட மாமிட கோவம் மாதிரி இரிக்கி. இறுகினா இறுகினதுதான்."

"ஜும்ஆவையும் விட்டுட்டியே மனே."

"தம்பி தண்ணியில்லாமக் கிடக்கான். அல்லாஹ்வுக்குத் தெரியும். இந்தப் போன் லைட்டக் கொஞ்சம் பிடிங்க."

மிசின் குழியின் மூடியைத் திறந்தால் ஓர் ஆள் இறங்கிக் குந்தத்தான் இடம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இருட்டு. நளீர் மிசினுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வெறும் பலகை, பூனைக்கும் இடமில்லை. நான் மேல்தட்டில் முழந்தாளில் நின்று லைட்டைப் பிடித்தேன். அவன் பழைய பெல்ட் ஒன்றை பில்டரைச் சுற்றிப் போட்டு இழுத்தான். வழுக்கியது. உரசுகிற மண்தாள் வைத்து இழுத்தான். வழுக்கியது.

12.31. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் வடிவாகப் பார்ப்போம் என்று தலையைக் குழிக்குள் நீட்டினேன். குத்பா நின்றுவிட்டது.

தலையை வெளியே எடுத்தேன். குத்பா.

மறுபடி உள்ளே. குத்பா இல்லை. பலகைக்கு வெளியே, மிகவும் கிட்ட, தண்ணீர் மோதுகிற சத்தம்...

சளக்... சளக்...

கடல் நாற்பது அடி தள்ளி இருந்தது.

12.36. பக்கத்தில் வைத்த கோப்பையைப் பார்த்தேன். தேத்தண்ணி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மற்றப் பக்கம்.

"நளீர்... படகு ஆடுதா?"

"மணல்ல கிடக்கிற படகு எப்பிடி ஆடும்? நீங்க லைட்ட ஆட்டாதீங்க."

நான் ஆட்டவில்லை.

12.41. நளீரின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"ஆ... ராத்தா! அப்பிடியே இறுக்கிப் பிடிங்க! கிறுகுது... கிறுகுது!"

போன் லைட்டைத் தவிர நான் எதையும் பிடிக்கவில்லை.

"நளீர்... நான் மேல நிக்கன்."

அவன் கை நின்றது.

பில்டர் நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்...

மிசினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பலகை இருக்கிற பக்கத்திலிருந்து, ஒரு கை.

உப்புப் பூத்த தோல். வெடித்த விரல்கள்.

பில்டரைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

அவசரமாக...

"யா அல்லாஹ்! ஆருடா நீ?"

நான் கத்திய கத்தில் போன் விழுந்தது.

இருட்டு.

போனைத் தடவி எடுத்தபோது 12.43. பில்டர் நளீரின் மடியில் கிடந்தது. அந்தப் பக்கம் பலகை. பலகை மட்டும். ஸ்பீக்கரில் தொழுகை தொடங்கியிருந்தது.

நளீர் அதை மடியிலிருந்து தள்ளிவிட்டான். "ராத்தா, ஆருக்கும் சொல்லாதீங்க. சொன்னா ஒருத்தனும் இந்தப் படகுல ஏறமாட்டான். தம்பி செத்திருவான்."

என் வாய் பொத்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

புது பில்டரைப் பூட்டினான். இந்த முறை வெறும் கையால். ஒன்றரைக்கு ஆட்கள் வந்து படகைத் தள்ளினார்கள். நளீரும் மூன்று பேரும் போனார்கள்.

சனிக்கிழமை காலை 6.10க்கு இரண்டு படகுகள் வந்தன. கட்டி இழுத்து வரவில்லை. றஸ்மியின் படகு தன் மிசினில் ஓடி வந்தது. நாலு பேரும் உயிரோடு. இருட்டில் தேடித் திரிந்து, நள்ளிரவுக்குப் பிறகு பாதி வழியில் எதிரே வரக் கண்டார்களாம். ஊரே கரையில் நின்று அழுதது. நானும் அழுதேன், ஆனால் கண் அந்த மிசினில்தான் இருந்தது. நின்ற மிசின் எப்படி ஓடியது?

திங்கட்கிழமை முனாப் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். ஒரு தட்டு வட்டிலப்ப இனிப்போடு போனேன். சுகம் விசாரிக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்கட மிசினுக்கு என்ன மனே நடந்த?"

"அதுவும் பில்டர்தான் ராத்தா. புதுசு ஒண்டு கிடந்திச்சி, பழசு களருதில்ல. மத்த மூணு பேரும் எழும்ப ஏலாம மேல கிடந்தாங்க. நான் தனியக் குழிக்குள்ள."

"எப்ப?"

"வெள்ளிக்கிழம. போன் எல்லாம் செத்துப் போச்சி, மணி தெரியா. வெயில் உச்சில நிண்ட." அவன் கதவைப் பார்த்தான். யாருமில்லை. குரலைக் குறைத்தான். "ஒராளுக்கும் சொல்லல்ல ராத்தா. அந்தப் பக்கம் இருந்து ஆரோ பெல்ட் போட்டு இழுத்தாங்க. அங்க ஆள் நிக்க இடமில்ல. கிறுகிச்சி. நானும் விடாமத் திருப்பினன். மேல இருந்து ஒரு வெளிச்சம் அடிச்சிது. புறகு..."

"புறகு?"

"ஒரு பொம்புள கத்தின சத்தம். நாப்பது மைல் கடலுக்குள்ள, ராத்தா. 'யா அல்லாஹ், ஆருடா நீ' எண்டு."

என் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"ராத்தா... பேய்க்கு எங்கட ஊர்ப் பேச்சு எப்பிடித் தெரியும்?"

நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழும்பினேன். அவன் வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது, அதே குரல்தானே வரும்.