வேலுத்தாய் அழித்த பட்டியல்

ஓரிடத்தில் நிலையாக உட்காருவது வேலுத்தாய்க்குச் சின்ன வயதிலிருந்தே பழகாத காரியம். அவளுடைய அப்பா ஆடு மேய்க்கிறவர். கழுகுமலைக்குத் தெற்கே, வெள்ளாமை முடிந்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை அமர்த்தி, பத்து நாளுக்கொரு காடு மாறிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அவளுக்கு அந்தக் கிடையோடுதான் போகும். ப்ளஸ் டூ முடித்ததும் தையல் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் மாதம் விட்டாள். ஜவுளிக் கடையில் நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார்கள் என்று தீபாவளிக்கு முன்பே விலகினாள். கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்ததும் அந்தப் பரபரப்பில்தான். அங்கே ஒரு மிஷினுக்கு மூன்று பேர். அவள் முறை வருவதற்குள் பெரும்பாலும் மணி அடித்துவிடும். இருந்தாலும் ஆறாம் மாதம் கையில் சான்றிதழ் வந்துவிட்டது.

2001ஆம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, கழுகுமலை ரோட்டில் இருந்த பூவனலிங்கம் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனாள். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள், முக்கால்வாசி பெண்கள். அண்ணாச்சி சான்றிதழைப் பார்க்கவில்லை. மூலையில் கருப்புத் துணி போர்த்தியிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி வாங்கினது. முன்னால இருந்த பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகு யாரும் தொடல. இப்பம் போட்டா கருப்பா நிக்கி. ஓட வைப்பியா?"

"வைப்பேன் அண்ணாச்சி."

"இதுக்கு முந்தி செஞ்சிருக்கியா?"

"செஞ்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் பொய் சொல்லிவிட்டது. திருப்பி எடுக்க நேரமில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு அவர் குச்சி இறக்க வந்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து துணியை எடுத்தாள். தூசி தீக்குச்சி மருந்து வாடையோடு கிளம்பியது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி இரைந்து, திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. மிஷினை எழுப்பிவிடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காணவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த அளவுக்கு அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாது.

எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். சென்டரில் அவளோடு படித்து, பிறகு அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு இருந்த சுதாராணிக்குப் போன் போட்டாள்.

"மிஷினை எழுப்ப பூட் பிளாப்பி வேணும், விண்டோஸ் தொண்ணூத்தெட்டு சிடி வேணும். வந்து வாங்கிக்க. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமா பார்மட் போட்டுட்டு முதல்ல இருந்து ஏத்திரு, அதான் லேசு" என்றாள் சுதாராணி. பிறகு கேட்டாள்: "உள்ள முக்கியமா எதுவும் இருக்கா?"

"ஒண்ணும் இருக்காது. ரொம்ப நாளா சும்மா கெடக்கு."

"யார்ட்டயாவது கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். நீ சொல்லு, எழுதிக்கிடுதேன்."

டவுன் பஸ்ஸில் போய் இரண்டையும் வாங்கி வந்தபோது மணி பத்தரை. எழுதி வைத்த தாளைப் பார்த்துப் பார்த்துப் பிளாப்பியைப் போட்டாள், கட்டளையை அடித்தாள். மிஷின் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. தாளில் 'ஒய் அடிக்கணும்' என்று எழுதியிருந்தது. ஒய் அடித்தாள்.

அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் அவளால் முடியாதது. ஒரு சதவீதம் ஏறுவதற்குள் நாற்காலியை நான்கு தரம் திருப்பினாள். எழுந்து போய்ப் பெட்டி அடுக்குகிற கூடத்தை எட்டிப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்தால் பதினெட்டில் நின்றது. மறுபடி போய் வந்தால் இருபத்தொன்று. சிடி ஓட ஆரம்பித்ததும் 'இன்னும் முப்பது நிமிடம்' என்று காட்டியது. கால் மணி நேரம் கழித்தும் அதே முப்பது நிமிடத்தைத்தான் காட்டியது. பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் வந்தால் கெட்டுவிட்டதோ என்று பயந்தாள். சத்தம் நின்றால் செத்துவிட்டதோ என்று பயந்தாள். நகத்தைக் கடித்துச் சதை வந்துவிட்டது.

மத்தியானம் ஒன்றே காலுக்குக் கரண்டு போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. திரை அணைந்தபோது அவள் அப்படியே எழுந்து வாசல் வரை நடந்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடலாம், யாரும் தேடி வரப்போவதில்லை. மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. திரும்பி வந்து தாளின் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மேகம் மிதக்கிற நீலத் திரை வந்து, ஸ்பீக்கரில் மெல்லிய இசை கேட்டது. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னலில் வந்து பார்த்தார்கள். அண்ணாச்சியும் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பட்டியலை எடு, பாப்போம்."

"எந்தப் பட்டியல் அண்ணாச்சி?"

"இன்சூரன்ஸ் பட்டியல். வேலைக்காரங்க பேரு, பிறந்த தேதி, ஊரு, ஒண்ணு ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்ங்கிற பேரு. அந்தப் பிள்ளை ரெண்டு மாசம் உக்காந்து அடிச்சுது. எழுதின நோட்டு போன மழையில ஊறிப் பாழாப் போச்சு. இதுக்குள்ளதான் இருக்கு. வியாழக்கிழமை ஆபீசர் வாராரு."

வேலுத்தாய் சுதாராணி சொன்னதை எழுதிய தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எடுத்துத் தாரேன் அண்ணாச்சி" என்றாள். அது அவள் அங்கே சொன்ன இரண்டாவது பொய்.

அவர் போனதும் மறுபடி பூத்துக்கு ஓடிச் சுதாராணியைக் கேட்டாள். "போனது போனதுதான் வேலு. பழைய டிஸ்க்கை இன்னொரு மிஷின்ல மாட்டி முதல்ல காப்பி எடுத்திருக்கலாம். அதுக்குத்தான கேட்டேன்."

பெண்களை ஏற்றிவர விடிகாலையில் ஆபீஸ் வேன் ஊர் ஊராகப் போகும். மறுநாள் அது அவள் ஊருக்கு வந்தபோது, வேலுத்தாய் ஒரு நோட்டோடு ஏறினாள். பேரு சொல்லுங்க, வயசு சொல்லுங்க, வாரிசு பேரு சொல்லுங்க என்று ஒவ்வொரு சீட்டாகப் போனாள். வேன் குலுங்கிய குலுங்கலில் எழுத்து கோணியது. காலையில் ஆபீசுக்குப் போகும்போது முப்பத்தெட்டுப் பேர், சாயங்காலம் திரும்பும்போது இன்னும் முப்பத்தொரு பேர். பகலில் எழுதியதை மிஷினில் அடித்து அச்செடுத்தாள்; கூடத்தில் போய்க் கேட்கவில்லை. அண்ணாச்சி பார்த்துவிடுவாரோ என்று பயம். அவர் அறைக்கு வந்து கேட்டபோது, "ஏறிக்கிட்டிருக்கு அண்ணாச்சி" என்றாள்.

புதன்கிழமை வேனில், லேபிள் ஒட்டுகிற பேபி அவளை மடக்கினாள். நாற்பது வயது, குரல் பெரிது.

"ஏட்டி, இதெல்லாம் முன்னாடியே எழுதிட்டுத்தான போனாவ? நீ எதுக்கு மறுபடி கேக்குத?"

வேலுத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாக மறைத்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "நான் அழிச்சிட்டேன்க்கா. மிஷினைச் சரி பண்ணுதேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அண்ணாச்சிக்குத் தெரியாது."

வேனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தாள். கடைசி சீட்டிலிருந்து பாலம்மாள் என்கிற, அதிகம் பேசாத ஒரு அம்மாள் கேட்டாள்: "எனக்கு யாரு பேரைப் போட்டிருந்தாவ?"

"தெரியாதேக்கா."

"அதை மட்டும் நம்மள யாரு கேட்டா?" என்றாள் பேபி. "கல்யாணம் ஆனவளுக்கெல்லாம் வீட்டுக்காரர் பேரு, ஆகாதவளுக்கு அய்யா பேரு. அந்தப் பிள்ளை இருந்த இடத்துலயே அடிச்சுட்டுப் போயிட்டா."

பாலம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவிய திருப்பூருக்குப் போயி ஒம்பது வருசமாச்சு. அங்கன வேற குடும்பம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் அவியளுக்கா போகும்?"

பாலம்மாளே நோட்டைக் கைகாட்டினாள்.

"என் தங்கச்சி பேரை எழுது. சங்கரம்மாள். காது கேக்காது அவளுக்கு. என்கூடத்தான் இருக்கா."

அதற்குப் பிறகு வேலுத்தாய் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன் சீட்டிலிருந்து ஒருத்தி மகள் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி, அய்யா இறந்து நாலு வருஷம் என்று சொல்லி அம்மா பெயரை எழுதச் சொன்னாள். நேற்றே பெயர் கொடுத்திருந்த சிலரும் மாற்றச் சொன்னார்கள். பேபி யோசித்துவிட்டு, "சண்டை போட்டாலும் எனக்கு அவிய பேரே இருக்கட்டும்" என்றாள்.

ஆபீசில் இறங்கியதும் அவள் கம்ப்யூட்டர் அறைக்குப் போகவில்லை. நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

"பழைய பட்டியல் இல்ல அண்ணாச்சி. திங்கக்கிழமை நான் அழிச்சிட்டேன்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எடுத்துத் தாரேன்னியே?"

"பொய் சொன்னேன். மிஷின் வேலை முன்னாடி செஞ்சிருக்கேன்னதும் பொய்தான். போன்ல கேட்டுக் கேட்டுச் செஞ்சேன்."

"உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர்ட்ட, ஒரே ஒருத்தர்ட்ட, கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

"தோணல அண்ணாச்சி. சீக்கிரம் ஓட வச்சிரணும்னு மட்டுந்தான் இருந்துச்சு."

நேற்று அச்செடுத்த தாள்களையும் நோட்டையும் அவர் மேஜையில் வைத்தாள். வெளியே நிற்கச் சொன்னார். வேன் நிற்கும் கொட்டகைக்கும் வாசலுக்குமாக அவள் நடந்தாள். எத்தனை நடை என்று தெரியாது. செருப்பு வார் ஒன்று அறுந்தது, வெறுங்காலோடு நடந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டவர் அவள் வெறுங்காலைப் பார்த்தார்.

"பாலம்மாளுக்கு எதுக்குத் தங்கச்சி பேரு? புருசன் இருக்கான்லா?"

திருப்பூர் கதையைச் சொன்னாள். அண்ணாச்சி நோட்டை மூடி வைத்தார்.

"பொங்கலுக்குப் பொங்கல் அவனுக்கும் சேர்த்துல்லா வேட்டி குடுத்துக்கிட்டிருக்கேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவா."

வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் வேனில் சொன்னதை இங்கே கொட்டியிருக்க வேண்டாம். இதையும் யோசிக்காமல்தான் செய்திருக்கிறாள்.

"நான் கேட்டதா அவட்ட சொல்லாத" என்றார் அவர். "போயி மிச்சத்தை அடி. கூடத்துக்குள்ளேயே போயிக் கேளு. இனி வேன்ல ஒளிஞ்சு எழுத வேண்டாம்."

வியாழக்கிழமை ஆபீசர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்த நாட்களில் தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே வேலுத்தாய் எழுந்துவிடுவாள். பன்னிரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது, பிரசவத்துக்குப் போயிருந்த நான்கு பேரைத் தவிர எல்லாப் பெயரும் ஏறியிருந்தது. அவர் கொண்டுவந்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முப்பத்தொரு இடத்தில் வாரிசுப் பெயர் மாறியிருந்தது. பெயரை மாற்றியவர்களெல்லாம் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்படி ஒரு நகல் அவரிடம் இருந்ததே அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி வேலுத்தாயைப் பார்த்தார்; வேலுத்தாய் தரையைப் பார்த்தாள்.

படிவங்களைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். பாலம்மாள் கையைச் சேலையில் துடைத்து, நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். பிறகு, "வாசிச்சுக் காட்டு" என்றாள். வேலுத்தாய் வாசித்தாள். "தங்கச்சி பேரை மட்டும் இன்னொரு தரம்" என்றாள்.

அந்த ஆபீசில் வேலுத்தாய் மூன்று வருஷம் இருந்தாள். அவ்வளவு காலம் அவள் ஒரு வேலையில் இருப்பாள் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. விலகப்போவதாகச் சொன்ன அன்று அண்ணாச்சி காரணம் கேட்டார்.

"குளத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பழைய மிஷின் பத்து வந்திருக்காம் அண்ணாச்சி. ஒண்ணும் ஓடலையாம். கூப்பிடுதாவ."

"பத்தா?" என்றார் அவர். "அங்கன போக பஸ் இருக்கா?"

"ரெண்டு பஸ் மாறணும்."

"நல்ல செருப்பா வாங்கிக்க" என்றார்.