தேரை நிறுத்தும் தட்டு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. கரப்பான் பூச்சிக்குப் பயம், லிப்டுக்குப் பயம், இடி இடித்தால் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வாய்த்த கணவரோ கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்க்கிறவர். வேலை நாளில் தொங்குவது போதாதென்று, கிள்ளானில் எங்கள் கோயில் திருவிழா வந்தால் தேரின் உச்சியில் போய் ஏறிக்கொள்வார்.

அங்கே அவருக்கு வேலை இருந்தது. தேர் போகும் தெருக்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கரண்டு கம்பி, போன் கம்பி, யாருடையது என்றே தெரியாத கம்பி. தாழ்ந்து தொங்குவதைக் கவை வைத்த மூங்கிலால் தூக்கிப் பிடித்து, தேர் நுழைந்து போனதும் மெல்ல இறக்கிவிட வேண்டும். எது தாழ்ந்த கம்பி என்று முந்தின நாளே பார்த்துவைப்பார்கள். அதற்காகவே தேரின் உயரத்துக்கு வெட்டிய ஓர் அளவுகோல் உண்டு. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தேர் போகும் வழி முழுக்க நடப்பார்கள். கோல் எங்கே இடிக்கிறதோ அங்கே பக்கத்து மின்கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி தெரிந்தால் என் கணவர் எழுந்து நிற்பார். தெரியாவிட்டால் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் கோலும் மூங்கில்தான். ஆனால் எங்கள் ஆட்கள் கையில் எந்தப் பொருளும் பொருளாக மட்டும் இருந்துவிடாது. யாரோ ஒருவர் அதற்கு மஞ்சள் பூசினார், இன்னொருவர் பட்டுத் துணி கட்டினார். ஆயுத பூஜைக்கு மாலை விழுந்தது. நான் அந்தக் கோயிலுக்குப் போகத் தொடங்கியபோது அது சாமியின் வேலுக்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. கால் பட்டுவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

போன வருஷம் தேருக்குப் புதுக் கலசம் வந்தது. கும்பகோணத்துப் பாத்திர வேலைக்காரர்கள் செப்புத் தகட்டை அடித்து, தங்க முலாம் பூசி, மரப்பெட்டியில் வைக்கோல் வைத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பழைய கலசத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். பழையதன் நுனி புதியதன் கழுத்துக்குக்கூட எட்டவில்லை. அந்த அழகில் எல்லாருக்கும் வாய் அடைத்துப்போயிற்று, எனக்கும்தான். வேலையிடத்தில் அளப்பதற்கு லேசர் கருவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிற என் கணவரும் கலசத்தை விதவிதமாகப் படம் எடுத்தாரே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை.

தேருக்கு முந்தின நாள் மாலை நானும் அளவு நடையில் போனேன். கோலை ஏந்தியவர் கோயில் கமிட்டியின் பெரியவர். மேரு ரோட்டிலிருந்து எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் திரும்பும் வளைவில், மோட்டார் பட்டறைக்குச் சற்று முன்னால், ஒரு கரண்டு கம்பி குறுக்கே போனது. கோலின் நுனிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது.

“அங்கிள், இங்கயும் ஒரு துணி கட்டிருவோமே.”

“கோல் தொடலல்ல? கிளியர் லா. உனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

மறுநாள் மாலை தேர் புறப்பட்டது. முன்னால் டிராக்டர், அதற்கும் முன்னால் உருமி மேளம். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சியில், புதுக் கலசத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் துணி வந்த இடமெல்லாம் எழுந்து கம்பியைத் தூக்கினார், இறக்கினார். ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்று வந்தது. இது வருஷா வருஷம் நடப்பதுதான்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தூறல் பிடித்தது, மூங்கிலும் அவர் வேட்டியும் நனைந்துபோயின. வளைவு வந்தது. மின்கம்பத்தில் துணி இல்லை. அவர் கம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே யாரோ நீட்டிய மாலையை வாங்கக் குனிந்தார். அவர் தலைக்கு மேல் கலசம் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. தேர் வளர்ந்துவிட்டது, கோல் வளரவில்லை. கும்பிடுகிற கோலை வெட்டவோ ஒட்டவோ யாருக்கும் தோன்றவே இல்லை.

“நிப்பாட்டுங்க!” என்று கத்தினேன். உருமிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிராக்டரை நோக்கி ஓடினேன். விசில் வைத்திருந்த தொண்டர் என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

“அக்கா, ஓரமா போங்க. சாமி வருதுல்ல?”

“கம்பி! மேல கம்பி!”

“துணி இல்லக்கா. கிளியர்.”

தேர் ஊர்ந்து வந்துகொண்டே இருந்தது. என் கணவர் இன்னும் திரும்பவில்லை. பட்டறை வாசலில் சீன ஆன்டி ஒருவர் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டோடு காத்திருந்தார். வருஷா வருஷம் காத்திருப்பவர். அர்ச்சனைத் தட்டோடு யார் நின்றாலும் தேர் நிற்கும், அது எங்கள் வழக்கம். யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஓடிப்போய் அந்தத் தட்டைப் பிடுங்கினேன். “ஏய், இத்து சாயா புஞ்யா!” என்று, தட்டு தன்னுடையது என மலாயில் கத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தார். டிராக்டருக்கு நேர் முன்னால் நடுரோட்டில் நின்று தட்டை உயர்த்திப் பிடித்தேன்.

விசில் ஒலித்தது. டிராக்டர் நின்றது.

கலசத்தின் நுனியும் கம்பியும் நேருக்கு நேர் நின்றன, நடுவில் ஒரு முழம் இருக்கும். நான் கையை மேலே காட்டினேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளாக அவர் முகத்தில் பயத்தை நான் கண்டதில்லை. அன்று கண்டேன். அதைக் கண்டபின் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டை மட்டும் கீழே விடவில்லை.

கமிட்டிக்காரர்கள் கூடினார்கள். தேரைப் பின்னால் தள்ளக் கூடாது என்றார் ஒருவர். கம்பியைத் தூக்கிவிடலாம் என்றார் இன்னொருவர்.

“ஈர மூங்கில்ல தூக்கச் சொல்றீங்களா? நீங்க ஏறுங்க அங்கிள்” என்றேன். அந்தப் பெரியவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. “கலசத்த எறக்குங்க.”

“பூஜை போட்ட கலசம்மா. நடுவழியில எறக்குனா ஊருக்கே குத்தம்.”

“அவருக்கு ஒண்ணு ஆயிட்டா அது குத்தமில்லயா?”

தேரிலிருந்து குருக்கள் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். பிறகு, எந்த வாசலிலும் கேட்பது போலக் கேட்டார்.

“யார் பேருக்கு அர்ச்சனை?”

என் கணவர் பேரைச் சொன்னேன். நட்சத்திரம் மறந்துபோயிற்று. மேலே இருந்து அவரே சொன்னார்.

குருக்கள் ஒரு சொம்பில் தண்ணீர் கேட்டார். பட்டறையிலிருந்து அந்த ஆன்டிதான் கொண்டுவந்தார். தட்டிலிருந்த தேங்காயை உடைக்காமல் சொம்பின் மேல் வைத்து, வெற்றிலையைச் செருகி, தர்ப்பையால் தொட்டு மந்திரம் சொன்னார். “கலசத்துல இருந்த சாமி இப்ப இங்க இருக்கார். இனிமே எறக்கிக்கலாம்” என்றார்.

இனிமேல்தான் இறக்க வேண்டும். ஜெனரேட்டரை அணைத்தார்கள், தேரின் விளக்குகள் அவிந்தன. மேளமும் நின்றது. என் கணவர் ஈரப் பலகையில் குப்புறப் படுத்து, கலசத்தின் அடித் திருகைக் கழற்றினார். கம்பி அவர் முதுகுக்கு நேர் மேலே காற்றில் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் இன்னும் பயமாக இருந்தது, திறந்தேன். ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டைப் பிடுங்கிய கோபம் எப்போது போனதோ தெரியவில்லை. கலசம் கழன்று வந்ததும் என் கணவர் அதைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார். கலசம் இல்லாத தேர் கம்பிக்கு அடியில் தாராளமாக நுழைந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் அவர் காப்பி கேட்டார், கொடுத்தேன். அதைக் குடிக்காமல், போனில் இருந்த கலசப் படங்களைத் திறந்து பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த வருஷம் புதுக் கோல் வெட்டினார்கள். கலசத்தோடு சேர்த்து லேசர் கருவியால் அளந்தது என் கணவர்தான். வளைவில் சிவப்புத் துணியும் கட்டினார்கள். ஆனால் புதுக் கோலுக்கு இப்போதே மஞ்சள் பூசியாயிற்று, பட்டுத் துணியும் ஏறிவிட்டது. அடுத்து யாராவது தேருக்குப் பெரிய குடை காணிக்கை தந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் மறுபடி உச்சியில் ஏறினார்.

அதனால் நானும் நடந்தேன். டிராக்டருக்கு முன்னால், கையில் தட்டோடு, வழி முழுக்க. விசில்காரத் தம்பி, “அக்காவுக்கு எவ்வளவு பக்தி!” என்றான். சரி என்று தலையாட்டினேன். குருக்கள் தட்டைக் கேட்டபோது கொடுக்கவில்லை. தேர் கோயிலுக்குத் திரும்பி, அவர் கால் தரையில் பட்ட பிறகுதான் தேங்காயை உடைக்கக் கொடுத்தேன்.