விசில் அடித்தால் தண்ணீர்

அடுத்த வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை, கழுத்தில் இன்னமும் விசில். விடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு கொய்யாவுக்கும் மாதுளைக்கும் தண்ணீர் விடுவார். ரெண்டு விசில் அடித்தால் உள்ளே இருக்கும் அவர் மனைவி மோட்டாரைப் போட வேண்டும். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும்.

போன சித்திரையில் என் கிணறு வற்றிவிட்டது. எலுமிச்சை மரம் பிஞ்சுகளை உதிர்த்தது. எனக்கு யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை.

அவரே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஆத்தா, இங்கிட்டு ஒரு டிரிப் அடிக்கவா?"

"எம் மரம் ஒங்க பஸ்ஸுல ஏறாது தம்பி."

"ஏறுற ஆளு மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? கை காட்டாட்டியும் நிப்பாட்டுவோம் ஆத்தா!"

ரெண்டு விசில் அடித்தார். குழாய் வேலியைத் தாண்டி வந்தது. சாயங்காலம் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றி, வேரடியில் வைக்கோலையும் பரப்பிவிட்டுப் போனார். பிஞ்சு உதிர்வது நின்றது.

இந்தக் கோடையிலும் கிணறு வற்றிக் கிடக்கிறது. விடிந்ததும் எலுமிச்சையடியில் போய் நிற்கிறேன். கை மட்டும் காட்டுவதில்லை.