அயுத்தயாவில் நாத்தனாரோடு

தாய்லாந்துக்கு நானும் வீட்டுக்காரரும் போவதாகத்தான் பேச்சு. டூர்க்காரரிடம் பணம் கட்டப்போகிற நேரத்தில், விமானம் என்று நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது என்று அவர் பின்வாங்கிவிட்டார். ஆனையூரிலிருந்து மதுரை டவுனுக்கு ஹெல்மெட் போடாமல் பைக்கில் பறக்கிற மனுசருக்கு விமானம் என்றால் பயமாம். கிடக்கட்டும் என்று அவருடைய தங்கையை, சோழவந்தானில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். துபாயில் இருக்கும் மகன் கூப்பிடுவான் என்று அவள் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். அவன் இன்னும் கூப்பிட்டபாடில்லை.

அவள் கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பொட்டு வைத்துக்கொள்கிறாள், கலர்ச்சேலை கட்டுகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காலம் மாறிவிட்டது என்று நாங்களும் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் என் மகளின் வளைகாப்பில் சந்தனத்தட்டு அவள் பக்கம் வருவதற்கு முன்பே, "அடுப்புல பாயாசம் அடிப்பிடிக்குது மதினி" என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எங்கள் அடுப்பில் பாயாசமே இல்லை. சாப்பாடு முழுக்க வெளியிலிருந்து வந்தது. பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. யாராவது விலகு என்று சொல்வதற்குள் தானாகவே விலகிக்கொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. எனக்கு அதில் இன்றுவரை கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தாய்லாந்தில் அவள் வேறு ஆளாக இருந்தாள். பஸ்ஸில் வந்த எல்லாரும் மதுரைப் பக்கத்து ஆட்கள்தான் என்றாலும், அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. காட்டுக்குள் ஓர் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். படிப்படியாக இறங்கி வருகிற பச்சைத் தண்ணீர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கியவள், மீன்கள் காலைக் கடிக்கின்றன என்று கூச்சல் போட்டுச் சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "வாங்க, போலாம், சாப்பாடு" என்று மூன்று தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் மேய்த்த தாய்லாந்து கைடு, அவளைக் கரையேற்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து அயுத்தயா. பழைய தலைநகரம். நம்முடைய அயோத்தியிலிருந்து வந்த பெயர் என்று கைடு சொன்னதும், எங்கள் பஸ்ஸே சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அங்கே பார்த்ததெல்லாம் இடிந்த செங்கல் கோபுரங்களும் தலையில்லாத புத்தர்களும். பர்மாக்காரர்கள் படையெடுத்து வந்து எரித்துவிட்டுப் போன ஊர். வெயிலில் அந்தச் சிலைகளுக்கு நடுவே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

பக்கத்திலேயே இன்றும் பூசை நடக்கிற ஒரு கோயில். உள்ளே தாழ்வான மேடையில் வயதான துறவி ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தீர்த்தம் தெளித்து வெள்ளைக் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் விறுவிறுவென்று முன்னால் போய் விழுந்து கும்பிட்டாள். எழும்போது, நம் ஊர் வழக்கப்படி அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் உட்கார்ந்த வாக்கிலேயே சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பதறி, "நோ, நோ மேடம்" என்று கத்தினார்கள்.

அவள் முகம் செத்துப்போனது. யாரையும் பார்க்காமல் வெளியே போய்ச் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

"எம் மொகத்துலயே எழுதியிருக்கா மதினி?" என்றாள். "இம்புட்டுத் தூரம் வந்தும் கண்டுபிடிச்சுட்டாகளே."

கைடைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு தன்னுடையதுதான், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். துறவிகளைப் பெண்கள் யாருமே தொடக்கூடாதாம். வாலிபத்தில் அவரும் சில மாதம் துறவியாக இருந்தாராம். அங்கே ஆண்பிள்ளைகள் அப்படிப் போய் இருந்துவிட்டு வருவது வழக்கமாம். "அந்த மாதங்களில் என் அம்மாவும் என்னைத் தொட்டதில்லை" என்றார்.

இதையெல்லாம் அவளிடம் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

"நான் மனசொடஞ்சு போயிருவேன்னு நீங்களா சேத்துச் சொல்றீக."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று கோயில் வாசலில் அவள் செய்த ரகளையை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். எங்களுக்கு முன்னால், எங்கள் பஸ்ஸில் வந்த வாடிப்பட்டிக்காரர் ஒருவர் மண்டியிட்டிருந்தார். துறவி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கையாலேயே கயிற்றைக் கட்டினார். அடுத்து நான். நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக, அவரைப் போலவே மணிக்கட்டை நீட்டினேன். துறவி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, உள்ளங்கையைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். காட்டியதும் ஒரு சாண் உயரத்திலிருந்து கயிற்றை விட்டார். அது என் கையில் விழுந்தது. அடுத்து அவள் தயங்கித் தயங்கி உள்ளங்கையைக் காட்டினாள். அதே உயரத்திலிருந்து அவளுக்கும் விழுந்தது.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெண் என்றால் தள்ளி நில் என்பது எந்த ஊர் நியாயம்? தனியாகப் போயிருந்தால் கைடோடு இன்னொரு சண்டை போட்டிருப்பேன். ஆனால் திரும்பிப் பார்த்தால் அவள் தன் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கும் அம்புட்டுத் தூரந்தானா?" என்றாள்.

"எனக்கும் அம்புட்டுத்தான்."

பொங்கி அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பெண்களுக்கு, அவர்களோடு வந்தவர்கள் யாராவது கட்டிவிடலாம் என்று கைடு பின்னாலிருந்து சொன்னார். அவளுக்கு நான் கட்டிவிட்டேன். என் கயிற்றைப் பின்னால் நின்ற வாடிப்பட்டிக்காரர் மனைவியிடம் கொடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் உள்ளங்கையிலிருந்து அதைத் தானே எடுத்தாள்.

"கைய நீட்டுங்க மதினி" என்றாள்.

யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பியும் பார்க்கவில்லை.